மூன்று தையலும் ஓர் இடைவெளியும்

நூல் அப்படி வந்திருக்கக் கூடாது. இடது விலாத் தையலில் ஒரே ஓர் இழையைப் பிளேடு முனையால் அறுத்து, ஊசியால் லேசாக நெம்பினாள் மேபல், அவ்வளவுதான். ஒரு சாண் நூல் சர்ரென்று உருவிக்கொண்டு கையோடு வந்துவிட்டது. காலை ஒன்பதேகால். ஜன்னலில் நல்ல வெயில். மடியில் ஏசுவடியாளின் குப்பாயம், அதன் மேல் அவளுடைய இரண்டு கைகள், இடது கையில் இந்த நூல். கையால் தைத்ததென்றால் ஒவ்வொரு தையலும் ஓர் எட்டு முன்னால் போய் அரை எட்டு பின்னால் திரும்பி, வந்த வழியையே கவ்விக்கொண்டு நிற்கும். பிரிக்க வேண்டுமென்றால் ஒவ்வொன்றாக அறுக்க வேண்டும், ஒவ்வொன்றும் மல்லுக்கு நிற்கும், ஒரு விலாவைப் பிரித்து முடிப்பதற்குள் கழுத்து பிடித்துக்கொள்ளும். மிஷினில் தைத்ததுதான் இப்படி வரும். மேல் நூல் ஒன்று, அடி நூல் ஒன்று. மேல் நூலை அறுத்துவிட்டால் அடி நூல் எந்தப் பிகுவும் பண்ணாமல் நேராக வந்து சேரும். முப்பது வருடமாகத் தையலில் பிழைக்கிறவளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சொல்லித்தர வேண்டியதில்லை என்பதுதான் இப்போது தொந்தரவு. தெரியாதவளாக இருந்தால் நூல் இற்றுப்போயிருக்கிறது என்று நினைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பாள். அவள் அந்த நூலை மேஜைமேல் வைத்தாள், பிறகு எடுத்தாள், வெயிலில் பிடித்துப் பார்த்தாள். ஒரே முறுக்கு, ஒரே கனம், கால் அங்குலத்துக்கு மூன்று வளைவு, அளந்து வைத்த மாதிரி. பக்கத்து வீட்டு ஆடு கத்தியது. யாரோ தன்னைக் கூப்பிட்டார்கள் என்று நினைத்து இவள் "ஆங்" என்று பதில் சொன்னாள்.

குப்பாயம் என்பது பெரிய சங்கதி ஒன்றுமில்லை. இடுப்புக்குச் சற்றுக் கீழே வருகிற தொளதொளத்த சட்டை, முழங்கைவரை கை, வட்டக் கழுத்து, முன்னால் கட்டிக்கொள்ள நாடா. ஆனால் குமரி மாவட்டத்தின் இந்தப் பக்கத்தில், இன்னின்ன சாதிப் பெண்கள் மாரை மறைக்கக் கூடாது என்று இருந்த காலத்தில், இந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு தெருவில் நடக்க உயிரைக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அப்படி நடந்தவள் ஏசுவடியாள், மேபலுக்கு ஐந்து தலைமுறை முந்தியவள். சந்தைக்குப் போன இடத்தில் நாலு பேர் வழிமறித்துத் தோளில் பிடித்திழுத்துக் கிழித்தார்கள். அவள் வீட்டுக்கு வந்து கிழிந்ததைத் தைத்து, அடுத்த ஞாயிறு அதையே போட்டுக்கொண்டு ஆலயத்துக்குப் போனாள். இடது தோளில் அந்தக் கிழிசலும் அதைச் சேர்த்த தையலும் இன்றைக்கும் இருக்கின்றன. இப்போது ஊரில் இதைத் தெரியாத பிள்ளை கிடையாது. வருகிற ஞாயிறு சபைக்கு இருநூறாவது ஆண்டு விழா. பெண்கள் சங்கத் தலைவி சுகிர்தா டீச்சர் ஏற்பாடு செய்திருக்கிறார்: ஊர்வலத்தில் ஒரு பெண் இந்தக் குப்பாயத்தைப் போட்டுக்கொண்டு முன்னால் நடப்பாள், அதன்பிறகு அது ஆலயக் கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் போய்விடும். நடக்கப்போகிற பெண் கைப்பந்து ஆடுகிறவள், நல்ல விரிந்த தோள். பக்கத்துக்கு ஓர் அங்குலம் விட்டுக் கொடுக்க வேண்டும், உள்ளே துணி இருக்கிறது. முந்தாநாள் இதைச் சொல்ல வந்திருந்த டீச்சர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பத் திரும்பச் சொன்னார். "மேபலே, மிஷின் மட்டும் படப்படாது கேட்டியா. அந்தக் காலத்துல எப்பிடித் தச்சாவளோ அப்பிடியே வேணும். நாளைக்கு ஆராவது கண்ணாடிய வச்சுப் பாத்தாலும் ஒரு கொறை சொல்லப்படாது." இன்றைக்குப் பன்னிரண்டு மணிக்கு எடுக்க வருவார். மிஷின் படக்கூடாதாம், என்று மேபல் இப்போது மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். சிரிப்பு வந்தது, பாதியில் நின்றுவிட்டது.

நியாயமாகப் பார்ப்போம் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். பின்னால் வந்த எவளாவது, ஏசுவடியாளின் மகளோ பேத்தியோ, உடம்பு வைத்தபோது பிரித்து மிஷினில் மறுபடி ஓட்டியிருக்கலாமே. ஓட்டியிருக்கலாம். பிள்ளை பெற்றவளுக்கு விலாவைத் தளர்த்தாமல் முடியுமா. அப்படியென்றால் பழைய தையலின் ஓட்டைகள் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அந்தக் காலத்து ஊசி தடித்தது, இந்த மாதிரி முரட்டுக் கைத்தறியில் ஒருதரம் குத்தினால் நூறு தரம் துவைத்தாலும் வடு போகாது. அவள் கண்ணாடி வில்லையை எடுத்து மடிப்பை விரித்து விளிம்பு முழுக்கத் தேடினாள். மேலிருந்து கீழே, பிறகு கீழிருந்து மேலே. ஆண்டவரே ஒரு ஓட்டை, ஒரே ஒரு ஓட்டை காட்டும், என்று வேண்டிக்கொண்டாள். துணியில் ஓட்டை வேண்டுமென்று ஜெபம் பண்ணின தையல்காரி இந்த உலகத்தில் இவளாகத்தான் இருப்பாள். ஆண்டவர் ஒன்று காட்டவும் செய்தார். ஆனால் அது பூச்சி அரித்தது, ஓரம் கொரகொரவென்று இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் நிறம் கண்ணில் பட்டது. பழசான துணி வெளிப்பக்கம்தான் மங்கும். மடித்துத் தைத்த உட்பக்கத்துக்கு வெயிலும் தெரியாது வியர்வையும் தெரியாது, பிரிக்கும்போது உள்ளேயிருந்து புதுத் துணி மாதிரி வெள்ளையாக ஒரு கோடு எட்டிப்பார்க்கும். எத்தனை பழைய துணியில் அந்த வெள்ளைக் கோட்டைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறாள். இங்கே கோடு இல்லை. உள்ளும் வெளியும் ஒரே பழுப்பு. வெட்டுவதற்கு முன்னாலேயே இந்தத் துணியை யாரோ தேயிலைத் தண்ணீரில் போட்டு ஊறவைத்து எடுத்திருக்கிறார்கள். யாரோ. அந்த யாரோவை அவள் மனது ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நெருங்காமல் திரும்பி வந்தது.

"மோளே, சாளை மீன்காரன் போயிட்டானா?" என்று அடுக்களையிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. அம்மா ரெத்தினபாய்க்கு எழுபத்தொன்பது வயது, காது கூர்மை, கண்தான் மங்கல். காலையிலிருந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருக்கிறாள். "இன்னும் வரல்லம்மா," என்றாள் மேபல். "வந்தா விட்டுராத. நேத்து நெத்திலிக்காரன நீ விட்டுட்ட. ஊசியக் கையில எடுத்தா ஒனக்கு ஒரு ஓர்மையும் கெடையாது." ஓர்மை இல்லைதான். மேபல் கீழ் விளிம்பைத் திருப்பினாள். கைத்தையல் இங்கே உண்டு, சந்தேகமே இல்லை, கழுத்திலும் கை ஓரத்திலும் கீழ் மடிப்பிலும் சாய்ந்த சிறு தையல்கள், மூன்று நெருக்கமாக, பிறகு ஒரு அரிசி அகலத்துக்கு இடைவெளி, மறுபடி மூன்று, மறுபடி இடைவெளி. இந்தத் தையலைப் பார்த்துத்தான் அவள் தொழிலே கற்றாள். ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தவள் இந்தக் குப்பாயத்தை வில்லை வைத்துப் படித்து, இதே மாதிரி மெழுகு பூசின நூல், இதே மாதிரி மடிப்பு என்று பழகி, சபை நாடகங்களுக்குத் தைத்து, பிறகு திருவனந்தபுரத்தில் சரித்திரப் படம் எடுக்க வந்தவர்களுக்கு நாற்பது குப்பாயம் தைத்துக் கொடுத்தாள். பழைய காலத்து உடுப்பைப் பழைய காலத்து முறையிலேயே திருத்தவோ புதிதாக உண்டாக்கவோ வேண்டுமென்றால் மேபலிடம் போ என்றாகிவிட்டது. மூன்றும் ஒரு இடைவெளியுமான அந்தத் தையலுக்கு ஏசுவடியாள் தையல் என்று பெயர் வைத்தவளும் அவள்தான். கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் வந்து படமெடுத்துப் போய், ஏழைப் பெண்கள் நூலை மிச்சம் பிடிக்கக் கண்ட வழி அது என்று கட்டுரை எழுதினார். முந்தைய போதகர் ஒருவர் பிரசங்கத்தில், பிதா, குமாரன், பரிசுத்த ஆவி, அதன்பின் மனுஷன் அமைதியாக இருக்க வேண்டிய இடம் என்றே விளக்கிவிட்டார். அன்றைக்கு முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு இருமல் வந்து வெளியே போக வேண்டியதாயிற்று. மேபல் அப்போது அதை இருமல் என்றுதான் நினைத்தாள்.

நினைக்கக் கூடாது. பன்னிரண்டு மணிக்கு ஆள் வருகிறது, வேலை கிடக்கிறது. அவள் நூலை மெழுகில் இழுத்து ஊசியில் கோத்து, குப்பாயத்தில் கை வைப்பதற்கு முன்னால் ஒரு துண்டுத் துணியில் தைத்துப் பார்த்தாள்; எப்போதும் அப்படித்தான், பெரிய வேலைக்கு முன்னால் கைக்குக் கொஞ்சம் ஓட்டம் கொடுப்பாள். ஒன்று, இரண்டு, மூன்று. கை தானாக மேலே தூக்கி ஒரு கணம் நின்றது. ஒன்று, இரண்டு, மூன்று. நின்றது. எதற்கு நிற்கிறது? இத்தனை வருடத்தில் அந்தக் கேள்வியை அவள் கையிடம் கேட்டதே இல்லை. ஒரு அரிசி இடைவெளியில் எவ்வளவு நூல் மிச்சமாகிவிடும், பேராசிரியர் தைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பலத்துக்கும் அது நல்லதில்லை, அழகுக்கும் இல்லை. ஒருத்தி தைத்துக்கொண்டே வரும்போது நடுவில் எதற்காகவோ நிறுத்தினால்தான் இப்படி விழும். எதற்கு நிறுத்துவாள்? கை வலித்தால் நிறுத்துவாள். அந்த இடத்தில் மனது முட்டிக்கொண்டு நின்றது. நின்ற இடத்தில் ஒரு பச்சைப் பாவாடை இருந்தது. அவளுக்கு ஆறு வயது, பள்ளிக்கூடப் பாவாடையின் கீழ் மடிப்பை அம்மா தைத்துக்கொண்டிருக்கிறாள், பாவாடை மேபலின் உடம்பில் இருக்கிறது, அம்மா தரையில் உட்கார்ந்திருக்கிறாள். மேபல் எண்ணுகிறாள். ஒண்ணு, ரெண்டு, மூணு, உதறு. அம்மா வலது ஆள்காட்டி விரலை உதறுகிறாள். ஒண்ணு, ரெண்டு, மூணு, உதறு. மேபல் பிறப்பதற்கு முன்னாலேயே மிஷின் ஊசி அந்த விரலின் நடுக்கணுவில் ஏறி இறங்கியிருந்தது. அதற்குப்பிறகு அந்த விரல் சரியாக மடங்காது, மூன்று தையலுக்கு மேல் பிடித்தால் மரத்துப்போகும். அதனால்தான் அம்மா கைத்தையல் என்றாலே ஒதுக்கிவிடுவாள், எல்லாம் மிஷின்தான். மேபல் வளர்ந்ததும் காஜா, பட்டன், கீழ் மடிப்பு எல்லாம் மேபல் பக்கம் வந்துவிட்டன. ஒரு விரல்வலியை எடுத்து நூற்றறுபது வருடம் பின்னால் தள்ளிவைத்து, அதற்குப் பெயரும் சூட்டி, நாற்பது சட்டையில் அந்த வலியை அப்படியே காப்பி அடித்து, ஊருக்கெல்லாம் கற்றுக்கொடுத்திருக்கிறாள் மேபல். தாயின் கை எது என்று தெரியாத மகள். அவளுக்கு முகம் சுட்டது, தனியாக உட்கார்ந்திருக்கும்போதே.

அம்மா எப்போது தைத்தாள் என்பதற்கு யோசிக்க வேண்டியதே இல்லை, அந்தத் தேதி மேபலின் உடம்பிலேயே இருக்கிறது. இருபத்தெட்டு வருடத்துக்கு முன்னால், ஜூன் மாதம், ஒரு சனிக்கிழமை. கிறிஸ்துதாஸ் எதற்காகக் கோபப்பட்டான் என்பது இன்றுவரை நினைவுக்கு வருவதில்லை. கட்டினவன் முகமே கொஞ்சம் கொஞ்சமாக அழிந்துகொண்டு வருகிறது. நினைவிருப்பது துணி கிழிந்த சத்தம். வீட்டுக்குள் அடித்தால் அடி, அது பழகியிருந்தது. அன்றைக்கு முற்றத்தில், கிணற்றடியில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த ஆறேழு பேர் பார்க்க, ரவிக்கையின் இடது தோளைப் பிடித்து இழுத்தான். கழுத்திலிருந்து கைவரை போயிற்று. கிணற்றடியில் ஒருத்தரும் நகரவில்லை, கயிற்றைப் பிடித்த கை பிடித்தபடியே இருந்தது, ஒருத்தி மட்டும் குடத்தைத் தூக்கிக்கொண்டு வேறு பக்கம் திரும்பினாள். அடி எல்லாம் ஆறிவிட்டது. அந்தத் திரும்பல் ஆறவில்லை. மேபல் துவர்த்துத் துண்டை எடுத்துத் தோளில் போர்த்திக்கொண்டு மூன்று பஸ் மாறி அம்மா வீட்டுக்கு வந்தாள். அம்மா கதவைத் திறந்தாள், துவர்த்தைப் பார்த்தாள், வெந்நீர் போட்டாள். அதன்பிறகு ஒரு வாரம் மேபல் உள் அறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போகவில்லை, இனி எங்கேயும் வரமாட்டேன், என்னைப் பார்க்கிறவர்கள் எல்லாம் தோளைத்தான் பார்ப்பார்கள் என்று சொல்லிவிட்டாள். அடுத்த திங்கட்கிழமை அவன் பக்கத்துப் பெரியவர்கள் அவளை அழைத்துப்போக வருவதாகத் தகவல் வந்திருந்தது. போய்விடுவது என்று முடிவும் செய்திருந்தாள். வேறு எங்கே போவது? அந்த வாரம் முழுக்க வெளி அறையில் மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது. அது பள்ளிக்கூடச் சீருடைகள் தைக்கிற மாதம். மிஷின் ஓடாமல் இருந்திருந்தால்தான் அவளுக்குக் கேட்டிருக்கும். சனிக்கிழமை மத்தியானம் அம்மா உள்ளே வந்து, படுத்திருந்தவள் காலின்மேல் ஒரு பழைய சட்டையை விரித்துப் போட்டாள். இது எங்க குடும்பத்துல உள்ளது, உனக்குக் காட்ட நேரம் வரட்டும்னு பெட்டிக்குள்ள வச்சிருந்தேன் என்றாள். ஏசுவடியாளின் பெயரை மேபல் அன்றைக்குத்தான் முதன்முதலில் கேட்டாள். கேட்டு முடித்து, அந்தக் கிழிசலைத் தொட்டுப் பார்த்தாள். இடது தோள். கழுத்திலிருந்து கைவரை. ரொம்ப நேரம் தொட்டுக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து உட்கார்ந்து, ஊசி இருக்கா என்று கேட்டாள்.

ஞாயிறு, தைத்த ரவிக்கையைப் போட்டுக்கொண்டு ஆலயத்துக்குப் போனாள். புடவையால் மூடவில்லை. திங்கள், நாலு பேர் குடையும் கையுமாக வந்தார்கள், நான் வரல்ல என்றாள். அவர்கள் காபியைக்கூடக் குடிக்காமல் போனார்கள். அன்றிலிருந்து இன்றுவரை எது வந்தாலும், விவாகரத்து வழக்கில் வக்கீல் கேட்ட கேள்விகளோ, தனியாக இருக்கிறவள் என்று ஊர் பேசின பேச்சோ, அவள் தன் மனதில் போய் நின்றுகொள்கிற இடம் ஒன்று உண்டு: நான் ஏசுவடியாளுக்க ரத்தம். அந்த இடத்தில் இப்போது மிஷின் நூல் கிடக்கிறது. அம்மாவின் அக்கா, பெரியம்மா, ஒரு கல்யாணத்தில் குப்பாயத்தைப் பற்றிப் பேச்சு வந்தபோது, இப்பிடி ஒரு சாதனத்த நான் கண்டதே இல்லியே ரெத்தினம் என்று சொன்னாள். பாட்டி தனக்குத்தான் தந்தாள் என்று அம்மா வெடுக்கென்று பதில் சொன்னாள். பெரியம்மாவுக்குப் பொறாமை என்று மேபல் இத்தனை வருடம் அந்தப் பாவப்பட்ட மனுஷியை மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தாள். எல்லாம் கண்ணுக்கு முன்னாலேயே இருந்திருக்கிறது. வில்லை வைத்துப் பார்த்தவளுக்குத்தான் தெரியவில்லை. ஏமாந்த கோபம் மூக்குவரைக்கும் ஏறியது. ஐந்து நாளில் மிஷினில் ஓட்டின ஒரு சட்டையை நம்பி ஒரு வாழ்க்கையைத் தூக்கி எறிந்தேனா? எறிந்தது நல்லதற்குத்தான், சரி, ஆனால் அது என் தைரியம் இல்லையா, தேயிலைத் தண்ணீரா? கோபத்துக்குப் பின்னாலேயே பயம் வந்தது. சொன்னால் அம்மாவின் கதி என்ன? எழுபத்தொன்பது வயதில் சபை முன்னால் பொய்க்காரி என்று நிற்க வேண்டும். போதகர், பேராசிரியர், டீச்சர், கைப்பந்து ஆடுகிற அந்தப் பெண், எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். சொல்லாமலிருப்பது எத்தனை சுலபம் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. டீச்சர் கேட்டதும் அதுதானே. மிஷின் நூலையெல்லாம் உருவிப் போட்டுவிட்டு, அந்தக் காலத்து முறையில் இரண்டு விலாவையும் கையால் தைத்துக் கொடுத்துவிட்டால், இனி எந்த வில்லைக்கும் எதுவும் கிடைக்காது. உள் நிறத்தைப் பார்க்க யாரும் பிரிக்கப்போவதில்லை, கண்ணாடிப் பெட்டிக்குள் போய்விடும். வேலையை எவ்வளவு ஒழுங்காகச் செய்கிறாளோ அவ்வளவு ஒழுங்காகப் பொய் நிலைத்துவிடும். இந்த மாவட்டத்திலேயே அதை அவ்வளவு ஒழுங்காகச் செய்யத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

இரண்டு விலாவிலும் மிச்ச நூலை உருவி எடுத்தாள். சண்டையே போடாமல் வந்தது. துணியை ஓர் அங்குலம் தளர்த்திப் பிடித்து, குண்டூசி குத்தி, இடது விலாவின் அடியிலிருந்து பின்தையலை ஆரம்பித்தாள். ஓர் எட்டு முன்னால், அரை எட்டு பின்னால். நல்ல தையல், இந்தத் தொழிலில் கையைக் குறை சொல்ல முடியாது. அக்குள்வரை போவதற்குப் பதினாறு அங்குலம் இருந்தது. மூன்று அங்குலத்தில் நின்றாள். இது என்ன செய்கிறேன் என்று தோன்றியது. அம்மா விரல் மரத்துப்போக ஐந்து நாள் உட்கார்ந்து தைத்ததை உருவிக் குப்பையில் போட்டுவிட்டு, கண்ணால் காணாத ஒருத்தியின் பெயருக்கு அதை எழுதிவைக்கிறேன். கேட்காமல் இருந்தால் அம்மா செத்தபிறகும் கேட்காமலே இருக்க வேண்டும். கேட்டால், அம்மா இல்லை என்று சொல்லிவிட்டால்? ஆமாம் என்று சொல்லிவிட்டால்? இரண்டில் எது பயம் என்றே தெரியவில்லை. கால் எழுந்துவிட்டது. குப்பாயத்தை மடித்து மார்போடு பிடித்துக்கொண்டு அடுக்களைக்குப் போனாள்.

அம்மா பலகையில் உட்கார்ந்து, கீரையை முறத்தில் தள்ளிக்கொண்டிருந்தாள். மேபல் எதிரே தரையில் உட்கார்ந்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்தது எல்லாம் வீணாகப் போயிற்று, வாயிலிருந்து நேராக வந்துவிட்டது. "அம்மா, இது நீ தச்சதா?"

அம்மாவின் கை கீரையிலேயே இருந்தது. தலையைத் தூக்கவில்லை. "பிரிச்சிட்டியா?"

"பிரிச்சிட்டேன்."

"விலா முழுக்கக் கையால தைக்க முடியல்ல மோளே. வெரலு ஒத்துக்கல்ல. வெளிய தெரியித எடம் மட்டும் கையில தச்சேன், மத்தது மிஷின்ல ஓட்டிட்டேன். திங்கக்கெழம ஆளு வருவாவ, எனக்கு நாளு இல்ல." ஒரு குச்சியை எடுத்து ஓரமாகப் போட்டாள். "துணி உனக்க அப்பாவுக்க பழைய முண்டு. என்னைக்காவது பிரிப்பன்னு தெரியும். நீ பிரிக்காத சட்ட உண்டா?"

"அப்பம் கதையும் நீ கெட்டினதா?"

இப்போது அம்மா நிமிர்ந்தாள். மங்கின கண், ஆனாலும் நேராகப் பார்த்தாள். "கத நெசம். எனக்க அம்ம சொன்னா, அவளுக்கு அவளுக்க அம்ம சொன்னா. சந்தையில வச்சுக் கிழிச்சானுவ. கிழிச்சதை ஓடையில எறிஞ்சிட்டானுவ. அவ வெறும் மேலோட, ஒரு வாழெலய மார்ல பிடிச்சிட்டு வீட்டுக்கு வந்தா. சட்ட மிஞ்சல்ல மோளே. மிஞ்சாத சாதனத்த நான் எங்கேருந்து எடுத்து உனக்குக் காட்ட?"

மேபலுக்குக் கேட்க வேண்டியது இன்னும் ஒன்று இருந்தது. அதுதான் எல்லாமும். "அடுத்த ஞாயிறு? அவ திரும்பப் போனாளா?"

"அது எனக்குத் தெரியாது," என்றாள் அம்மா. "அதை அம்ம சொல்லல்ல. நானும் கேக்கல்ல. போகாமலும் இருந்திருப்பா. ஆரு கண்டா." முறத்தை இரண்டு தட்டுத் தட்டினாள். "நீ போகணும்னு நெனச்சேன். அதனால அவளையும் போக வச்சேன்." கொஞ்சம் பொறுத்து, இன்னொன்றும் சொன்னாள், குரல் அப்போதுதான் உடைந்தது. "தச்சதெல்லாம் தச்சிட்டேன். கடைசியில கிழிக்கதுக்குத்தான் எனக்குக் கை வரல்ல. உனக்க ரவிக்கயப் பக்கத்துல வச்சு, அதப் பாத்துப் பாத்துக் கிழிச்சேன்."

மேபல் அம்மாவின் வலது கையைப் பிடித்தாள். அந்த விரல் வழக்கம்போல மடங்காமல் நின்றது. அப்படியென்றால் திரும்பப் போனவள் யார், என்று மேபலின் மனது ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துக் கேட்டது. கிழித்ததைத் தைத்துப் போட்டுக்கொண்டு, மூடாமல், எல்லோரும் பார்க்க நடந்தவள் யார்? ஐந்து தலைமுறையில் அப்படி ஒருத்தி நடந்தது நிச்சயமாகத் தெரியும், சபையில் பாதிப்பேர் கண்ணால் பார்த்திருக்கிறார்கள், அது ஏசுவடியாள் இல்லை. பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்று நினைத்துச் சாய்ந்துகொண்டே நடந்து வந்திருக்கிறாள். திரும்பிப் பார்த்தால் அம்மா மட்டும் நிற்கிறாள், கையில் ஊசியோடு. இந்த நினைப்பு வந்ததும் கோபம் போன இடம் தெரியவில்லை. சந்தையிலிருந்து வாழையிலையைப் பிடித்துக்கொண்டு வந்த அந்தப் பெண்ணுக்காக மனது கிடந்து அடித்துக்கொண்டது. அவளுக்கு எழுந்திருக்க ஒரு சட்டை தைத்துக்கொடுக்க ஆள் இருந்ததா, என்னவோ. தெருவில் சாளைக்காரன் மணியடித்துக்கொண்டு போனான். இரண்டு பேருமே அவனைக் கூப்பிடவில்லை.

மேபல் திரும்பி வந்து, தான் தைத்த மூன்று அங்குலத்தைப் பிரித்தாள். ஒவ்வொன்றாக அறுக்க வேண்டியிருந்தது, கை நன்றாகத் தைத்துத் தொலைத்திருந்தது. பிறகு மிஷினில் உட்கார்ந்து இரண்டு விலாவையும் ஓட்டினாள். இரண்டு நிமிஷ வேலை. விலாவைத் தளர்த்தினபோது பிரிந்த கீழ் மடிப்பை மட்டும் கையால், பழைய ஓட்டைகளிலேயே ஊசியை விட்டு, எங்கே நின்றிருந்ததோ அங்கே நின்று, தைத்து முடித்தாள். கடைசி முடிச்சுப் போடும்போது சுகிர்தா டீச்சர் வந்துவிட்டார், பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் முன்னாலேயே, கையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க அச்சடித்த அட்டையோடு. "மிஷின் படல்லியே?" என்று சிரித்துக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தார். "பட்டுது டீச்சரே," என்றாள் மேபல். "மொதல்லயே மிஷின்ல தச்சதுதான். இருபத்தெட்டு வருசம் ஆச்சு. எனக்க அம்ம தச்சா." டீச்சரின் சிரிப்பு முகத்திலேயே கொஞ்ச நேரம் அநாதையாக நின்றது. மேபல் எல்லாவற்றையும் சொன்னாள், சந்தை, ஓடை, வாழையிலை, முண்டு, தேயிலை, ஒன்றையும் விடவில்லை. அடுக்களையில் அம்மா கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று தெரியும், அதனால் கொஞ்சம் உரக்கவே சொன்னாள். டீச்சர் முதலில் அட்டையைப் பார்த்தார், பிறகு குப்பாயத்தை, பிறகு மேபலின் இடது தோளை. இருபத்தெட்டு வருடத்துக்கு முந்தைய அந்த ஞாயிற்றுக்கிழமை அவரும் ஆலயத்தில் இருந்தவர்தான், இரண்டு பெஞ்சு பின்னால். கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். அட்டையில் அச்சடித்திருந்த பெயரின்மேல் கோடு போட்டு, ரெத்தினபாய் என்று எழுதினார். ஒரு கணம் யோசித்தார். கணக்கு டீச்சர், எதையும் முழுசாக எழுதித்தான் பழக்கம்.

"ஆருக்காகத் தச்சாவன்னு எழுதணுமே மேபலே."

"எனக்காக," என்றாள் மேபல். சொன்னதும் அழுகை வந்தது. அன்றைக்குச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தபோதுகூட வராத அழுகை, சத்தமாக, மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்தது. டீச்சர் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்.